950 ரூபாய் ‘கம்பெனி’ கிரைண்டர் 23 நாளில் புகைந்தது: டூப்ளிகேட்டா, லோக்கலா, கேஸ் போடலாமா?

#1 நல்லம்பள்ளி பட்டறை

வணக்கம். நல்லம்பள்ளியில் கிரில், கேட் வேலை செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. என்னோடு இரண்டு பையன்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இரும்பு அறுத்துத் தேய்க்கும் 4 இன்ச் கிரைண்டரின் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பகுதி) போய்விட்டது. மறுநாள் காலை பென்னாகரத்தில் கேட் மாட்டியாக வேண்டும், அந்த வீட்டில் திங்கட்கிழமை கிரகப்பிரவேசம். எப்போதும் வாங்கும் கடை பூட்டியிருந்தது. வேறொரு கடையில் கேட்டதும் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். பெரிய கம்பெனி பெயர், அதே நிறம், அதே எழுத்து. ரேட் 950. அந்த மாடலை இரண்டாயிரத்துக்குக் குறைந்து நான் வாங்கியதே இல்லை. “ஒரிஜினலா?” என்றேன். “கம்பெனி மால்தான். பில் இல்லாமல் வருவதால் இந்த ரேட்” என்றார். அவசரத்தில் இருப்பவனை நம்ப வைப்பது ரொம்பச் சுலபம்.

கேட் வேலையை அது முடித்துக் கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. 23-ஆம் நாள் ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப் அறுத்துக்கொண்டிருந்தபோது பின்பக்கக் காற்று ஓட்டைகளில் நீலமாகப் பொறி வந்தது. அப்புறம் புகை. அப்புறம் மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் டப்பாவை ஒழுங்காகப் படித்தேன். மெஷின் மேல் கம்பெனி பெயர் சரியாக இருக்கிறது. உள்ளே இருந்த காகிதத்தில் அதே பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். 850 வாட் என்று போட்டிருக்கிறது. எம்ஆர்பி, தயாரித்த மாதம், இறக்குமதி செய்தவர் விலாசம் எதுவும் இல்லை.

கடைக்காரரிடம் கொண்டுபோனால் “அழுத்திப் பிடித்து அறுத்திருப்பீர்கள்” என்கிறார். இதைப் போலி என்று உறுதியாகச் சொல்லலாமா? புகார் கொடுத்தால் வாங்கிய என்னையும் இழுப்பார்களா? இன்னொன்றும் இருக்கிறது. பையன்கள் இரண்டு பேரும் “ஒரிஜினல் ஒன்று வாங்குகிற காசுக்கு இது இரண்டு வருமே அண்ணா” என்கிறார்கள். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

#2 டைல்ஸ் தம்பி, அரூர்

பையன்கள் சொல்வது சரிதாங்ணா. நான் மூன்று வருடமாக 1,100 ரூபாய் கட்டர்தான் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு போகும், போகட்டும். சைட்டில் மெஷின் எத்தனை நாள் நம்மிடம் இருக்கும் என்பது அதன் தரத்தில் இல்லை. போன வருடம் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய் வந்தால் ஒரிஜினல் ஹேமர் ட்ரில்லைக் காணோம். 6,800 ரூபாய். லோக்கல் தொலைந்திருந்தால் அன்று ராத்திரி சோறாவது இறங்கியிருக்கும். தண்ணீரில் விழும், சாரத்திலிருந்து விழும், கடன் வாங்கிப்போன கொத்தனார் ‘நாளைக்கு நாளைக்கு’ என்பார். இதற்கெல்லாம் யார் ஒரிஜினல் வாங்குவது?

#3 வைண்டிங் மேசை, காவேரிப்பட்டணம்

பட்டறைக்காரர் வாங்கியது டூப்ளிகேட். தம்பி வைத்திருப்பது லோக்கல். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். லோக்கல் தன் சொந்தப் பெயரில் வருகிறது, தன் தரம் இவ்வளவுதான் என்பதை விலையிலேயே சொல்லிவிடுகிறது. டூப்ளிகேட் அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது. பெயரிலேயே விற்றுவிடும் என்று தெரிந்தவன் உள்ளே எதற்குச் செம்பு போடப் போகிறான்?

பதினெட்டு வருடமாக ஆர்மேச்சர் கட்டுகிறேன். நேற்றுகூட ஒன்று வந்தது. பிளேடு முனையால் ஃபீல்ட் காயில், அதாவது ஆர்மேச்சரைச் சுற்றி நிற்கும் சுருளின், கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். மின்சாரம் கடத்துவதில் அலுமினியம் செம்பில் 61 சதவீதம்தான். அதே தடிமன் கம்பியில் அதே கரன்ட் போனால் சூடு ஏறத்தான் செய்யும். கம்பியைத் தடிமனாகப் போடலாமே என்றால் ஆர்மேச்சர் பள்ளத்தில் இடம் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் வெண்ணெய் மாதிரி அறுக்கும். பத்தாவது நிமிடம் கை சுடும். அதற்கு மேலும் விடாமல் ஓட்டினால் கம்பி மேல் இருக்கும் வார்னிஷ் கருகி, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டி ஷார்ட். உங்கள் பட்டறையில் வந்த மீன் நாற்றம் அந்த வார்னிஷ்தான்.

850 வாட் என்று போட ஸ்டிக்கர் செலவு மட்டும்தான். 230 வோல்ட்டில் 850 வாட் என்றால் லோடில் கிட்டத்தட்ட 3.7 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்க வேண்டும். நீங்கள் சொல்கிற சைஸ் மெஷினில் அலுமினியக் கம்பி அதைத் தாங்காது.

மற்றதெல்லாம் சொல்லிக்கொண்டே போகலாம். பேரிங்கில் எண்ணே இருக்காது, கிரீஸ் பெயருக்கு இருக்கும். நல்ல மெஷின்கள் சிலவற்றில் கார்பன் (சுற்றும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் துண்டு) தேய்ந்தால் தானாக நின்றுவிடும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் பிழைக்கும். இதில் கார்பன் தீர்ந்த பிறகும் ஸ்பிரிங் போய்க் கம்யூட்டேட்டரைக் கீறிக்கொண்டே இருக்கும். கேபிளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்புக் கம்பி. செம்பில் காந்தம் ஒட்டாது.

ஆனால் இதெல்லாம் காசு நஷ்டம். அடுத்தது உயிர் சமாச்சாரம். மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு அடையாளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். அதனால்தான் அதற்கு எர்த் இல்லாத இரண்டு பின் பிளக். ஒரிஜினலில் ஆர்மேச்சரின் இரும்புத் தகடுகள் நடு அச்சான ஷாஃப்ட்டின் மேல் நேராக உட்காராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். வைண்டிங் தகட்டில் கசிந்தாலும் ஷாஃப்ட்டுக்குக் கரன்ட் வராது. என் மேசைக்கு வரும் டூப்ளிகேட்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் குழலே கிடையாது. தகடு நேராக ஷாஃப்ட்டில். ஷாஃப்ட்டிலிருந்து கியர், கியரிலிருந்து முன்பக்க உலோகத் தலை. அந்தத் தலையைத்தான் நீங்கள் இடது கையால் பிடிக்கிறீர்கள். சதுரத்துக்குள் சதுரம் மட்டும் அழகாக அச்சடித்திருப்பான்.

தம்பி, உங்கள் லோக்கல் கட்டரிலும் அந்தக் குழல் இருக்கிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். லோக்கல் என்பதற்காக நான் அதற்கு நற்சான்று கொடுக்கவில்லை.

#4 ஓசூர் டூல்ரூம்

வைண்டிங் அண்ணன் மோட்டாரைச் சொல்லிவிட்டார். நான் அதன் முன்னால் சுற்றுவதைச் சொல்கிறேன்.

4 இன்ச் டிஸ்க் என்றால் 100 மி.மீ. அது 11,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 11,000 சுற்று) சுற்றும்போது விளிம்பின் வேகம் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஓசூர் – கிருஷ்ணகிரி பைபாஸில் நடுராத்திரி போகிற கார்கூட அந்த வேகம் போகாது. முறையாகச் செய்த கட்டிங் வீலில் நொடிக்கு 80 மீட்டர், 15,200 ஆர்பிஎம் என்று உச்ச அளவு அச்சடித்திருக்கும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தகர வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். ரெசின் வீலுக்குப் பொதுவாக 3 வருடம். பழைய ஸ்டாக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்த வளையத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நண்பன் ஒருவன் இதே மாதிரி ஒரு டூப்ளிகேட் வாங்கினான். லேபிளில் 11,000. சுற்று வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் வைத்துப் பார்த்தேன், லோடு இல்லாமல் 13,400. வீல் ஒரிஜினலாக இருந்தால் பிழைத்துக்கொள்வான். வீலும் டூப்ளிகேட் என்றால் அதில் எழுதியிருக்கும் 15,200-க்கு யார் பொறுப்பு? அப்புறம் அந்த கார்டு, வீலை மறைக்கும் கவசம். ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிய பிறகும் விரலால் தள்ளினால் சுற்றியது. வீல் உடைந்தால் துண்டு பறக்கும் திசையில் அது நிற்காது, துண்டோடு சேர்ந்து சுற்றும்.

நம் ஊருக்கென்றே இன்னொன்று. தள்ளு சுவிட்ச் உள்ள கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். கரன்ட் வந்ததும் அது தரையில் தானே ஓடுகிறது. இதற்கு ஒரிஜினல், டூப்ளிகேட் வித்தியாசம் இல்லை, விலை குறைந்த ஒரிஜினல்களிலும் திரும்ப ஓடாமல் தடுக்கும் வசதி இருக்காது. கரன்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

#5 நல்லம்பள்ளி பட்டறை

கார்டு விஷயம் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் எங்கள் பட்டறையில் எந்த மெஷினிலும் கார்டு கிடையாது. கழற்றி எங்கே வைத்தோம் என்றும் தெரியாது.

#6 ஓசூர் டூல்ரூம்

இன்றைக்கே தேடுங்கள். அந்த மெஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடு மட்டும் போட்டுவிடாதீர்கள், கார்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

#7 கல்லாப்பெட்டி, பாலக்கோடு

நான் ஹார்டுவேர் கடைக்காரன். எல்லோரும் கடைக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஒரிஜினல் கிரைண்டர் ஒன்று விற்றால் எனக்கு நிற்பது நூறோ நூற்றைம்பதோ. ஆன்லைனில் சில நாள் என் கொள்முதல் விலைக்கே விற்கிறார்கள். வாடிக்கையாளர் போனில் அதைக் காட்டிவிட்டு “இதே ரேட்டுக்குத் தருவீர்களா” என்பார். அடுத்தவர் வந்து “அந்தக் கம்பெனி மாதிரியே குறைந்த ரேட்டில் வேண்டும்” என்பார். ‘மாதிரியே’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் டூப்ளிகேட் வியாபாரமே ஓடுகிறது.

இரண்டு வருடம் முன்னால் ஒரு ஆள் ஆம்னி வேனில் வந்தார். பதினைந்து கிரைண்டர், எல்லாவற்றிலும் பெயர்த் தகடு இருக்கும் இடம் காலி. “பெயர் எங்கே?” என்றேன். சீட்டுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுருட்டிய ஒரு கட்டை எடுத்தார். பிரித்தால் ஸ்டிக்கர் ஷீட்டுகள். மூன்று கம்பெனி பெயர். “உங்கள் ஊரில் எது போகும் சொல்லுங்கள், அதை ஒட்டித் தருகிறேன்” என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை, பஜ்ஜி கேட்டால் வாழைக்காயா வெங்காயமா என்று கேட்கிற மாதிரி கேட்டார். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒரு மெஷினுக்கு 400 நின்றிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

என் கடையில் லோக்கல் இருக்கிறது. அதன் பெயரிலேயே, பில்லோடு, ஆறு மாத வாரண்டியோடு விற்கிறேன். ஆர்மேச்சரும் சுவிட்ச்சும் தனியாகக் கிடைக்கும். தம்பி மாதிரி சைட் வேலைக்காரர்களுக்கு அதையே சொல்வேன். இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

#8 கோர்ட் ரோடு, கிருஷ்ணகிரி

வக்கீல் என்ற முறையில் பட்டறைக்காரரின் கேள்விக்கு நேராக வருகிறேன். வாங்கிய உங்களை யாரும் இழுக்க மாட்டார்கள். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 103 போலிப் பெயர் போடுபவரையும், 104 அப்படிப்பட்ட பொருளை விற்பவரையும், விற்பதற்காக வைத்திருப்பவரையும் பிடிக்கிறது. இரண்டுக்கும் தண்டனை ஒன்றே: 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்த வேலைக்கு வாங்கியவர் அதற்குள் வரமாட்டார். ஆனால் இதை எண்ணூறு ரூபாய்க்கு இன்னொருவர் தலையில் கட்டினால் அப்போது நீங்களும் விற்பவர்தான், கவனம்.

கடைக்காரர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பலாமா? பிரிவு 104-இல் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை, போதிய எச்சரிக்கையோடு இருந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும், யாரிடம் வாங்கினார் என்பதையும் கேட்டபோது சொல்ல வேண்டும். பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்கியவர் ‘சந்தேகமே வரவில்லை’ என்று சொல்வது கஷ்டம். பாலக்கோட்டுக்காரர் அந்த ஸ்டிக்கர் கட்டைப் பார்த்த பிறகு வாங்கியிருந்தால் அந்த வாசலும் மூடியிருக்கும்.

போலீஸ் நேராக வந்து அள்ளிப் போக முடியும். ஆனால் பிரிவு 115-இன்படி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தையும் வாங்க வேண்டும். அதனால் நடைமுறையில் கம்பெனி தன் ஆட்களை வைத்து விசாரித்துப் புகார் கொடுத்தால்தான் ரெய்டு நடக்கிறது. நீங்கள் மெஷின், டப்பா, காகிதம் மூன்றையும் போட்டோ எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினால் அது அவர்களுக்கு உபயோகமான தகவல்.

உங்கள் காசு வேறு பாதை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. ‘தொழிலுக்கு வாங்கினாயே, நீ நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் உபயோகத்துக்கு வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது. நீங்களும் பட்டறையில் கை வைத்து வேலை செய்கிறவர், அது உங்களுக்குச் சாதகம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தர்மபுரி நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். பாதிப் பேர் அங்கேயே வழிக்கு வந்துவிடுவார்கள்.

பில் இல்லையே என்பீர்கள். ஜிபேயில் கட்டினீர்களா?

#9 நல்லம்பள்ளி பட்டறை

ஜிபேதான் சார். கடை பெயரோடு இருக்கிறது.

#10 கோர்ட் ரோடு, கிருஷ்ணகிரி

அது போதும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் கொடுத்தே ஆக வேண்டும். ‘பில் இல்லாததால் இந்த ரேட்’ என்பது சலுகை இல்லை, 18 சதவீத வரியை ஏய்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

டப்பாவில் எம்ஆர்பி, மாதம், இறக்குமதியாளர் விலாசம் இல்லை என்றீர்களே, அது தனிக் குற்றம். பேக் செய்த பொருளுக்கான 2011 எடையளவு விதிகளின்படி இவை இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும்.

#11 டைல்ஸ் தம்பி, அரூர்

சார், ஒரு சந்தேகம். என் கட்டர் வேறு பெயர்தான், ஆனால் நிறம், கைப்பிடி, சுவிட்ச் எல்லாம் பெரிய கம்பெனியை அப்படியே காப்பி அடித்தது. அது திருட்டு இல்லையா? பெயரை மட்டும் காப்பி அடிக்கக் கூடாது, உடம்பை அடிக்கலாமா?

#12 கோர்ட் ரோடு, கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி. உடம்புக்கு ஆயுள் உண்டு, பெயருக்குக் கிடையாது. பெயரை 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் 20 வருடம். வெளித் தோற்றத்துக்கு, டிசைன் சட்டம் 2000-இன்படி பதிவு செய்திருந்தால் 10 வருடம், மேலே 5 நீட்டிக்கலாம். அதோடு சரி. அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

யோசித்துப் பாருங்கள், கை ட்ரில்லை மின்சாரத்தில் ஓட்டியது 1895-இல் ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி. துப்பாக்கிப் பிடியும் விசை சுவிட்ச்சும் வைத்து அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் பேட்டன்ட் வாங்கியது 1917-இல். இன்றைக்கு எந்தக் கம்பெனி ட்ரில்லை எடுத்தாலும் அந்த உருவம்தான். ஹேமரில் நீங்கள் சொருகித் தட்டுகிற எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டும் அப்படித்தான். 1970-களில் பாஷ் கொண்டுவந்தது, இப்போது எல்லோர் ஹேமரிலும் அதே சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்). அது திருட்டு ஆகாது. அப்படித்தான் உங்களுக்கு எந்தக் கடையில் வாங்கிய பிட்டும் பொருந்துகிறது.

நிறம் கொஞ்சம் வழுக்கும் இடம். வாங்குபவர் குழம்பும்படி டப்பாவின் நிறமும் அமைப்பும் சேர்ந்து ஒத்துப்போனால், பெயர் வேறாக இருந்தாலும் வழக்கு நிற்கும். பல்பொடி டப்பாவின் சிவப்பு வெள்ளைக்காகக் கோல்கேட், ஆங்கர் மேல் போட்ட வழக்கில் 2003-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கோல்கேட் பக்கம்தான் நின்றது. ஆனால் அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கும் சண்டை, கட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இல்லை.

#13 21 வோல்ட், ஓசூர்

கார்ட்லெஸ் பக்கமும் ஒரு எச்சரிக்கை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி இங்கே வந்து இறங்குகிற மாலில் பாதி இப்போது கார்ட்லெஸ்தான். ‘48 வோல்ட்’, ‘88’, ‘288’ என்று ஆளுயர எண்கள். ஒன்றை நான் பிரித்தேன். உள்ளே 18650 என்ற சைஸ் லித்தியம் செல் ஐந்து, தொடராக. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து என்றால் 21. எங்கிருந்து வந்தது 288? ஆம்பியர் கணக்கும் இப்படித்தான். அந்த சைஸ் செல்லில் நல்ல கம்பெனிக்காரரின் செல்லே பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் (3.5 ஆம்பியர்-அவர்) பக்கம்தான். ஒரு வரிசை செல் வைத்துவிட்டு 10 ஆம்பியர்-அவர் என்று எழுதுவது 850 வாட் ஸ்டிக்கருக்கு அண்ணன் முறை.

ஒரிஜினல் மெஷினில் காப்பி பேட்டரி போடுவதும் நடக்கிறது. நானும் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அளவில் கச்சிதமாகப் பொருந்தியது. செல்களைச் சமப்படுத்தும் சர்க்யூட் மட்டும் உள்ளே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு செல் உப்பி பிளாஸ்டிக் உடைந்தது. நல்லவேளை அப்போது சார்ஜரில் இல்லை. அப்படிப்பட்ட பேட்டரியை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இங்கே விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரத்தின் பதிவு கட்டாயம், மேலே ‘ஆர்’ என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். என்னுடையதில் எண் இருந்தது. போட்டுப் பார்த்தால் எல்இடி பல்பு செய்கிற ஆளுடையது.

#14 டைல்ஸ் தம்பி, அரூர்

சைனா மால் என்றாலே இப்படித்தானே.

#15 ஓசூர் டூல்ரூம்

அப்படி இல்லை தம்பி. மகிடாவுக்குக் குன்ஷானில் தொழிற்சாலை இருக்கிறது, பாஷுக்கு ஹாங்சோவில். இரண்டும் சைனாதான். எங்கே செய்தார்கள் என்பதைவிட, செய்தவன் தன் விலாசத்தை டப்பாவில் போடத் துணிகிறானா என்று பாருங்கள்.

#16 ஈரக்கல், பர்கூர்

கிரானைட் பாலிஷ் பட்டறை. வைண்டிங் அண்ணன் எழுதிய அந்தப் பிளாஸ்டிக் குழல் விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் வேலை முழுக்கத் தண்ணீரில். பாரடைசோ என்ற கிரானைட் கல்லின் ஓரத்தை உருட்டும்போது மெஷின் மேல், கை மேல், கால் கீழ் எல்லாம் ஈரச் சேறு. தண்ணீர் வேலைக்கென்று வரும் பாலிஷ் மெஷின் தனி. கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் கேபிளிலேயே வரும், விலையும் அதற்கேற்ப. நாங்கள் என்ன செய்தோம்? சாதாரண 4 இன்ச் டூப்ளிகேட்டில் பாலிஷ் பேட் மாட்டி, மேலே ஒரு ஹோஸைக் கட்டி ஓட்டினோம். ஒரு நாள் என் கையோடு மெஷின் ஒட்டிக்கொண்டது. விட முடியவில்லை. சத்தம் போட நினைக்கிறேன், வாய் வரவில்லை. எதிரில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெயினை இறக்கினான். இரண்டு நொடியா நான்கு நொடியா தெரியாது. வலது தோள்பட்டை ஒரு வாரம் தூக்க முடியவில்லை.

மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் லைனையே துண்டிக்கும் சுவிட்ச், போட்டேன். ஒரு நல்ல கிரைண்டர் விலைதான் ஆனது. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். பட்டறை வைத்திருக்கிறவர்கள் மெஷின் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று விவாதிக்கும் முன் இதைப் போட்டுவிடுங்கள்.

#17 டைல்ஸ் தம்பி, அரூர்

அண்ணா, நானும் தண்ணீர் ஊற்றித்தான் டைல்ஸ் அறுக்கிறேன். சைட்டில் அவர்கள் வீட்டு லைன்தான் கிடைக்கும், ஆர்சிசிபி இருக்காது. என்ன செய்வது?

#18 ஈரக்கல், பர்கூர்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஒன்றைப் பொருத்திக் கொண்டுபோ தம்பி. எந்த எலக்ட்ரீசியனும் செய்து தருவார். அதைத் திருடிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, இன்னொன்று போட்டுக்கொள்.

#19 நல்லம்பள்ளி பட்டறை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். 1915-க்கு போன் செய்து பதிவு எண் வாங்கினேன். அந்த எண்ணையும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நேரில் போனேன். சண்டை எதுவும் இல்லை. “முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்று 950-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டார். மெஷினைத் திருப்பிக் கேட்டார். வக்கீல் சார் சொன்னது ஞாபகம் வந்தது, இன்னொருவர் தலையில் அது போய் விழும் என்று கொடுக்கவில்லை. அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார். போட்டோக்களைக் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டேன்.

பையன்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மெஷின் புகைந்த அன்று மூன்று பேர் அரை நாள் சும்மா உட்கார்ந்தோம். அரை நாள் கூலி, தர்மபுரி போய் வந்த பெட்ரோல், அன்று செய்துகொண்டிருந்த வேறொரு கேட்டின் தாமதத்துக்கு வீட்டுக்காரர் பிடித்த 500. ஒரிஜினல் விலை அங்கேயே போய்விட்டது. ஒரிஜினல் ஒன்று பில்லோடு வாங்கினேன். தம்பி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, வெளி வேலைக்குப் பாலக்கோட்டுக்காரர் கடையிலிருந்து சொந்தப் பெயர் போட்ட லோக்கல் ஒன்று. கார்டு இரண்டு கிடைத்துவிட்டது, ஸ்கிராப் மூட்டைக்குள் இருந்தது. மூன்றாவதை இன்னும் காணோம்.

செத்த மெஷினை என்ன செய்வது?

#20 வைண்டிங் மேசை, காவேரிப்பட்டணம்

எனக்குக் கொடுத்து அனுப்புங்கள். பையன்களுக்குக் காட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

#21 வைண்டிங் மேசை, காவேரிப்பட்டணம்

மெஷின் வந்து சேர்ந்தது, நன்றி. ஃபீல்ட் காயில் அலுமினியம். ஷாஃப்ட்டில் குழல் இல்லை. நினைத்ததுதான்.

நினைக்காத ஒன்று: கம்பெனி ஸ்டிக்கரின் ஓரம் சூட்டில் சுருண்டிருந்தது. பிடித்து உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இன்னொரு பெரிய கம்பெனி பெயர். அதில் 600 வாட் என்று போட்டிருக்கிறது.

#22 கல்லாப்பெட்டி, பாலக்கோடு

அந்த ஆம்னி வேன்காரன்தான்! முதலில் போன ஊரில் அந்தப் பெயர் போணியாகவில்லை போலிருக்கிறது.

#23 டைல்ஸ் தம்பி, அரூர்

கேபிள் நன்றாக இருந்தால் அதை மட்டும் எனக்குத் தர முடியுமாங்ணா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

#24 வைண்டிங் மேசை, காவேரிப்பட்டணம்

காந்தம் ஒட்டியது தம்பி. கடையில் நல்ல வயர் வாங்கிக்கொள்.